வெள்ளை எழுத்தில் பதினோரு பெயர்கள்

வேர்டு ஃபைல் என்ற சொல்லைக் கேட்டாலே அந்த நாட்களில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திருப்பூரில் பனியன் கம்பெனிகளை அண்டிப் பிழைத்த ஒரு டிடிபி கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவள் நான். கேட்லாக், அட்டைப்பெட்டி ஸ்டிக்கர், கம்பெனி ஆண்டு விழா அழைப்பிதழ் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்கம் அமைக்கிற சாஃப்ட்வேரில் பண்ணித் தருவோம். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் யாராவது ஒரு சிடியை நீட்டுவார்கள். "மேட்டர் பூராவும் வேர்டுல அடிச்சாச்சுங்க, நீங்க சும்மா செட் பண்ணுனாப் போதுங்க" என்பார்கள். அந்தச் சும்மாவில்தான் என் அரை நாள் போகும்.

திறந்து பார்த்தால் வயிறு எரியும். ஒரு வரி கொஞ்சம் தள்ளி நிற்பதற்கு இருபது ஸ்பேஸ் தட்டியிருப்பார்கள். அடுத்த பக்கம் போக எண்டர் மேல் எண்டர். தலைப்பு பாதி ஒரு ஃபாண்ட், மீதி இன்னொரு ஃபாண்ட். பச்சை, சிவப்பு, அடிக்கோடு, நிழல், கண்ணில் பட்டது எல்லாவற்றையும் போட்டு அமுக்கியிருப்பார்கள். இது போதாதென்று வேர்டு வேறு, வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக மாற்றும். இங்கிலீஷுக்கு அது சரி. எங்கள் தமிழ் ஃபாண்டில் பெரிய எழுத்து இருக்கிற சாவியில் வேறொரு தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும். கடை குடையாகிவிடும், படம் புடமாகிவிடும். அப்படியே பேஜ்மேக்கருக்குள் கொண்டுவந்தால், அந்த ஃபைலில் இருந்த அத்தனை அலங்காரமும் கூடவே வந்து குடியேறும். ஒருத்தரைப் பந்திக்குக் கூப்பிட்டால் ஊரே வந்து இலையில் உட்கார்ந்தது போல.

அதற்கு நான் கண்டுவைத்திருந்த வைத்தியம் ஒன்றுதான். ஃபைலை உள்ளே எடுக்கும்போது பேஜ்மேக்கரில் ஒரு சின்னக் கட்டம் வரும். ஃபார்மட்டை அப்படியே வைத்துக்கொள்ளவா என்று அது கேட்கும். அதில் இருக்கிற டிக்கை எடுத்துவிட்டால் போதும். நிறம், தடிமன், சாய்வு, அளவு, எல்லாம் உதிர்ந்துபோய் வெறும் எழுத்து மட்டும் கறுப்பில் வந்து விழும். அதற்கப்புறம் நான் என் இஷ்டத்துக்கு உடுத்திவிடுவேன். வேர்டில் திறந்துகூடப் பார்க்க மாட்டேன். "அம்மணி கை பட்டா எந்த ஃபைலும் சுத்தமாயிருமுங்க" என்று கடை முதலாளி வருகிறவர்களிடம் பெருமையடிப்பார். நானும் சும்மா இருந்ததில்லை. "இது ஃபைல் இல்லீங்ண்ணா, குப்பை" என்று வாடிக்கையாளர் முகத்துக்கு நேராகவே சொல்லுவேன். அவ்வளவு வாய்க்கொழுப்பு.

முதலிபாளையம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி எங்களுக்கு வாடிக்கை. அங்கே வெல்ஃபேர் ஆபீசராக இருந்த பெண் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, என்னைவிட நாலு வயது சின்னவள். அந்தக் கம்பெனியில் மெஷினில் உட்கார்ந்திருந்த பெண்களில் பெரும்பாலோரும் அவள் ஊர்ப்பக்கம்தான். வாரத்துக்கு ஒருதரமாவது ஜெராக்ஸ் எடுக்க வருவாள். எனக்கும் அவளுக்கும் எப்படியோ ஒட்டிக்கொண்டது. அவள் "அக்கா" என்பாள், நான் "கண்ணு" என்பேன். அவள் கொண்டுவருகிற ஃபைல்களும் குப்பைதான். அவளிடம் மட்டும் எரிந்து விழ வராது.

அவள் வேலையில் ஒரு பகுதி, தொழிலாளர்களின் புகார்களைக் கேட்டுத் தீர்த்துவைப்பது. துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட்டுக்கு வரும்போது, புகார்களைக் கேட்கிறீர்களா, என்ன செய்தீர்கள் என்று பார்ப்பார்கள். அதனால் மாதாமாதம் ஒரு தாளில் வந்த புகாரும் எடுத்த நடவடிக்கையும் அச்சாகி நோட்டீஸ் போர்டில் தொங்க வேண்டும். யார் சொன்ன புகார் என்பது மட்டும் அதில் இருக்கக் கூடாது. ஆனால் அவளுக்கு அது தெரிந்தாக வேண்டும். தீர்ந்ததா இல்லையா என்று சொன்னவளிடம் போய்த்தானே கேட்க முடியும். முதலில் ஒரு டைரியில் பெயரை எழுதிவைத்திருந்தாள். ஒரு நாள் மேனேஜர் அவள் மேசைக்கு வந்து, எதையோ தேடுகிற சாக்கில் அந்த டைரியைப் புரட்டினார். அன்றோடு டைரியைக் கிழித்துப் போட்டுவிட்டாள்.

"ஒரே ஃபைல்ல பேரும் இருக்கணும், பிரிண்ட் எடுத்தா பேரு வரப்பிடாது. அப்படி என்னமும் வழி இருக்காக்கா?" என்று கேட்டாள்.

எனக்கா தெரியாது? பெயரை மட்டும் செலக்ட் பண்ணி எழுத்தின் நிறத்தை வெள்ளையாக்கிவிடு என்று சொல்லிக்கொடுத்தேன். என் கம்ப்யூட்டரிலேயே செய்தும் காட்டினேன். "வெள்ளைத் தாள்ல வெள்ளை எழுத்து. எந்த நாய்க்குத் தெரியப்போகுது கண்ணு?" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "வெளையாட்டு இல்லக்கா. பேரு தெரிஞ்சா அந்தப் பிள்ளையளுக்கு இங்க இருக்க முடியாது" என்றாள். ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னாள், பெயர் சொல்லவில்லை. அந்தப் பெண்ணையும் அவள் குடும்பத்தையும் ஊரிலிருந்து கூட்டிவந்து வேலையில் சேர்த்ததே அந்தப் பெண்ணின் தாய்மாமன்தான். குடியிருக்கிற லைன் வீடும் அவர் பிடித்துக் கொடுத்தது. அதே கம்பெனியில் அவர்தான் சூப்பர்வைசர். அவர் மேய்க்கிற தையல் மெஷின் வரிசையில், லைன் என்பார்கள் அதை, எந்தப் பெண் பாத்ரூம் போனாலும் போன நிமிடத்தையும் வந்த நிமிடத்தையும் குறித்துவைத்து, சாயங்காலம் லைனில் நின்று எல்லாரும் கேட்க வாசிப்பாராம். பெயரைச் சொல்லி, இத்தனை தடவை, இத்தனை நிமிடம் என்று. மாதத்தில் அந்த மூன்று நாளும் அந்தப் பெண் தண்ணீரே குடிக்காமல் கிடக்கிறாளாம்.

"அவ யார்ட்டயும் சொல்லமாட்டேன்னுதான் இருந்தா. பேரு வெளிய வராது, நான் பொறுப்புன்னு சொல்லித்தான் வாய தொறக்க வச்சேன்" என்றாள்.

இதெல்லாம் நான் காதால் கேட்டது. யாரோ எவரோ சொன்னது அல்ல, என் கடையில், என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அவள் சொன்னது.

ஏழெட்டு மாதம் ஒரு வம்பும் இல்லை. மாதாமாதம் அவளே வேர்டில் இருந்து பிரிண்ட் எடுத்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒரு பெரிய ஆடிட் வந்தது. அவள் அந்தச் சமயம் பார்த்து அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போயிருந்தாள். மேனேஜருக்கு மாதத் தாள் போதவில்லை. பளபளவென்று பெரிய போர்டாக வேண்டும் என்று எனக்கு ஃபோன் போட்டார். "ஆடிட் பார்ட்டி உள்ள வந்ததும் கண்ணுல படோணும் அம்மணி. நாளன்னைக்குக் காலையில போர்டு செவுத்துல இருக்கோணும்" என்றார். அவள் கம்ப்யூட்டரில் இருந்த ஃபைலை அவரே சிடியில் ஏற்றி டிரைவரிடம் கொடுத்தனுப்பிவிட்டார்.

நான் வழக்கம் போல நேராக பேஜ்மேக்கருக்குப் போனேன். வழக்கம் போல டிக்கை எடுத்தேன். எல்லாம் கறுப்பில் வந்து விழுந்தது. பதினோரு புகார், ஒவ்வொன்றின் கீழேயும் ஒரு நடவடிக்கை, அதற்கும் கீழே ஒரு பெயரும் லைன் நம்பரும்.

எனக்கு ஞாபகமே வரவில்லை என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன், எனக்கு நானே. அது முழு உண்மை இல்லை. ஒரு பெயரின் மேல் கர்சர் நின்றபோது என்னவோ உறுத்தியது. பெயரெல்லாம் போடுவார்களா என்று ஒரு நினைப்பு ஓடியது. அந்த நேரம் பார்த்து முதலாளி வந்து, கார்மெண்ட்ஸ்காரர் ஸ்டிக்கர் என்னாச்சு என்றார். கொடுத்ததைப் போடுவதுதான் நம் வேலை, நமக்கென்ன வந்தது என்று உறுத்தலை அப்படியே தள்ளிவிட்டேன். அவளுக்கு ஒரு ஃபோன் போட்டிருந்தால் போதும். போடவில்லை.

அதோடு விட்டேனா? புகார்கள் வெறும் பத்தி பத்தியாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது என்று, வாரப் பத்திரிகையில் வாசகர் கடிதம் போடுவார்களே, அந்த மாதிரி ஒவ்வொன்றையும் ஒரு கட்டத்துக்குள் வைத்தேன். பெயர்களை வலது ஓரமாகத் தள்ளி, தடித்த சாய்வெழுத்தில், முன்னால் ஒரு சின்னக் கோடு இழுத்து நிறுத்தினேன். லைன் நம்பரைப் பெயருக்குக் கீழே பொடியாகப் போட்டேன். எட்ட நின்று பார்த்துக்கொண்டேன். எனக்கே பிடித்திருந்தது.

சரிபார்க்க ஒரு ப்ரூஃப் எடுத்து டிரைவரிடம் கொடுத்தேன். ப்ரூஃபில் கையெழுத்து வாங்காமல் எதையும் அடிக்கக் கூடாது என்பது எங்கள் கடைச் சட்டம். அரை மணி நேரத்தில் மேனேஜர் கையெழுத்துடன் ஓகே என்று திரும்பி வந்தது. கம்பெனிப் பெயரில் மட்டும் ஒரு புள்ளி விட்டுப்போயிருப்பதைச் சுழித்துக் காட்டியிருந்தார். அதைச் சரிசெய்து, பெரிய தாள்களில் அடித்து, அட்டையில் ஒட்டி, லேமினேஷன் போட்டு அனுப்பிவைத்தேன்.

ஆடிட் நன்றாகவே முடிந்ததாம். வந்தவர்கள் போர்டைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்களாம். டீ இடைவேளையில்தான் மற்றவர்கள் வந்து படித்திருக்கிறார்கள்.

மறுநாள் பதினோரு மணி இருக்கும். மேனேஜர் கடைக்குள் நுழைந்தார். அவர் பின்னால் ஊரிலிருந்து அன்று காலைதான் வந்திறங்கிய என் சிநேகிதி. முகத்தில் ரத்தமே இல்லை. அவளைப் பார்த்த அந்த நொடியில் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. வெள்ளை எழுத்து, ஸ்டூல், தாய்மாமன், பாத்ரூம் கணக்கு, எல்லாம்.

"ஏனம்மணி, இதென்ன இப்படிப் பண்ணிப்போட்டீங்க? சூப்பர்வைசருங்க அஞ்சு பேரு என்ற ரூமுக்குள்ள வந்து சண்டை போடறானுங்க. ஆளுங்க பேரு எப்படி வந்துச்சு?" என்றார் மேனேஜர். "நான் இப்பத்தான் ஃபைலைத் தொறந்து பாத்தேன். அதுல ஒரு பேரும் இல்லை. நீங்களாச் சேத்தீங்களா?"

முதலாளி என்னைப் பார்த்தார். எங்கள் கடைக்கு வந்த வேலையில் பாதிக்கு மேல் அந்தக் கம்பெனி வேலை.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அப்போதும் தெரிந்துதான் இருந்தது. பெயர் வெள்ளையில் இருந்ததுங்க, மறைக்கச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான், ஃபார்மட்டை உதிர்த்தபோது மறந்துபோனேன், தப்பு என்னுடையது. நாலே வாக்கியம். வாயில் வரவில்லை. அதற்குப் பதிலாக என் கை சிடியை எடுத்துப் போட்டது. ஃபைலை வேர்டில் திறந்தேன். புகார்களுக்குக் கீழே வெற்றிடம். முழுவதையும் செலக்ட் பண்ணி, நிறத்தைக் கறுப்பாக்கினேன். பதினோரு பெயரும் குபுக்கென்று மேலே வந்தன.

"பாருங்ண்ணா. உங்க ஃபைல்லதான் இருக்குது. வெள்ளையில ஒளிச்சு வெச்சிருக்காங்க. இப்படி ஒளிச்சு வெச்சா நான் என்னத்தைக் கண்டேன்? ப்ரூஃப்லயும் நீங்கதான ஓகே போட்டிருக்கீங்க" என்றேன். குரல் நடுங்கக்கூட இல்லை. நல்ல கணீரென்ற குரலில் சொன்னேன்.

சொன்னது ஒவ்வொன்றும் நிஜம். பொய் என்று எதையும் எடுத்துக் காட்ட முடியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார். கையெழுத்து விஷயத்தைக் கேட்டதும் அவருக்கும் பழியை இறக்கிவைக்க ஒரு தோள் தேவைப்பட்டது போல. "இப்படி வெள்ளையில எழுதி வெக்கறதுக்கு உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. ஸ்கிரீனில் இருந்த பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் சொல்லல சார். நானாத்தான் பண்ணுனேன்" என்றாள்.

ஐயோ, அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். திட்டியிருக்கலாம். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் விரலை நீட்டியிருப்பேன், சந்தேகமே இல்லை. அவர்கள் போன பிறகு முதலாளி ஒரு டீ சொல்லி, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு அம்மணி" என்றார். அந்த டீயை நான் குடிக்கவும் செய்தேன்.

அடுத்த வாரத்தில் அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்று டிரைவர் சொன்னார். அவிநாசிபாளையம் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்துவிட்டாளாம். எங்கள் கடைக்கு அப்புறம் அவள் வரவில்லை. நானும் தேடிப் போகவில்லை. போகலாம் என்று நினைத்த நாட்கள் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டு வரை போய், அந்த வழியாகப் போகிற தாராபுரம் பஸ் ஒன்று கிளம்புகிற வரை நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்குக் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை என்பது ஒரு சாக்கு. தெரியும், சொல்லத் துப்பில்லை.

அந்தப் பெண்ணைப் பற்றி, அந்தத் தாய்மாமனைப் பற்றி, டிரைவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்ற பயம்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு மத்தியானம், முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரம், ஒரு பெண் கடை வாசலில் வந்து நின்றாள். பத்தொன்பது இருபது வயதிருக்கும். செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தாள். கடைக்குள் அப்படி யாரும் வருவதில்லை. வேலைக்கு ஒரு பயோடேட்டா அடித்துத் தர வேண்டும் என்றாள். பேச்சு தெக்கத்திப் பேச்சு.

"முன்ன எங்க கண்ணு வேலை பாத்தே?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

கம்பெனிப் பெயரைச் சொன்னாள். முதலிபாளையம் கம்பெனி. என் கை கீபோர்டை விட்டு இறங்கிவிட்டது. "ஏன் விட்டுட்டே?" என்று கேட்டது நான்தான். எதற்குக் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. வேறு பெண்ணாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு கேட்டிருப்பேன்.

"நான் ஒரு கம்ப்ளெய்ண்ட் சொன்னேன்க்கா. பேரு வெளிய வராதுன்னாங்க. எப்படியோ போர்டுல வந்துட்டு" என்றாள். "எங்க மாமாதான் சூப்பர்வைசர். அவரு ஏசவெல்லாம் இல்ல. அன்னைக்கு சாயந்தரம் லைன்ல நின்னு, போர்டுல இருந்தத அப்படியே சத்தமா வாசிச்சாரு. கம்ப்ளெய்ண்ட வாசிச்சு, எம்பேரையும் வாசிச்சாரு. அப்புறம் எங்க அப்பாட்ட ஃபோன்ல, உம்மவ பெரிய ஆளாயிட்டான்னாரு. வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாரு. எங்க அம்மா எங்கூடப் பேசி ஒரு மாசமாச்சு. அவங்க தம்பில்லா."

அழவில்லை. மில்லில் சேர்ந்தால் ஹாஸ்டல் உண்டாமே, அதற்குத்தான் பயோடேட்டா என்றாள். பழைய கம்பெனி பெயரைப் போடாமல் விட்டால் தப்பாகுமா என்று கேட்டாள். ஆகாது என்றேன். சொல்ல வேண்டியது நாக்கு நுனி வரை வந்தது. போர்டு அடித்தது நான்தான் கண்ணு, கட்டம் கட்டினது நான், உன் பெயரைத் தடித்த எழுத்தில் வலது ஓரமாக நிறுத்தினது நான். கடையில் வேறு யாரும் இல்லை. சொல்லியிருந்தால் அவளும் நானும்தான்.

"என்னய இங்க அனுப்புனதே எங்க வெல்ஃபேர் அக்காதான்" என்றாள் அவள். "உங்களுக்கு அவங்களத் தெரியும்லா? அந்தக் கடைக்குப் போ, அந்த அக்காட்ட எதச் சொன்னாலும் வெளிய போவாதுன்னு சொன்னாங்க. அதான் உங்கட்ட எல்லாத்தையும் சொல்லுதேன்."

நான் தலையை ஆட்டினேன். வேர்டில் ஒரு புது ஃபைல் திறந்தேன். அவள் பெயர் எனக்குத் தெரியும், எழுத்துக்கு எழுத்து தெரியும். இருந்தும் அவள் முகத்தைப் பார்க்காமல், "பேர் சொல்லு கண்ணு" என்று கேட்டேன்.